கழற்றி வைத்த மூளை

காரை விற்றவர் ஒரே ஒரு தகவல்தான் சொன்னார். "மகன் வண்டிம்மா. அவன் இல்ல."

இலஞ்சியில் அவர்கள் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்தது அந்தக் கார். தயாரிப்பை நிறுத்திப் பல வருடமான மாடல். சின்ன உடம்பு, வேகமான எஞ்சின். மகனைப் பற்றி மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒரு சாவியைக் கொடுத்தார். இன்னொரு சாவி இருக்குமே என்றேன்.

"தேடிப் பாத்தாச்சு. காங்கல."

வீட்டின் ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. நான் வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, தெருவுக்கு வரும்வரை அந்தத் திரை அசையவே இல்லை.

அப்போது நான் தென்காசிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். குற்றாலம் ரோட்டை ஒட்டிய தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கீழ் வீட்டில் வீட்டுக்காரர், ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். அவரை நான் அண்ணாச்சி என்றும் அவர் என்னை டீச்சரம்மா என்றும் கூப்பிட்டுக்கொள்வோம். காம்பவுண்டு கேட் குறுகல் என்பதால் காரை எதிரே இருந்த காலி மனையில் நிறுத்துவேன். கல்லூரிக்குப் போக வர காலேஜ் பஸ் இருந்தது. அப்புறம் எதற்குக் கார் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆசைதான், வேறென்ன.

அந்தக் காரில் இருந்த எஞ்சின் கம்ப்யூட்டர் கம்பெனி போட்டதல்ல. டாஷ்போர்டுக்குள் கிடந்த ரசீதுகளின்படி, பழையது பழுதானபோது அந்த மகன் வெளிநாட்டுத் தயாரிப்பு ஒன்றை வாங்கி, அவரே பொருத்தியிருந்தார். பந்தயக் கார்களுக்குப் போடுகிற ரகம். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. முன்னால் இடது பக்கம் உட்காருகிறவரின் முழங்காலுக்கு எதிரே, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று அதுதான் முடிவு செய்யும். வண்டி ஓடும் ஒவ்வொரு முறையும் வேகம், எஞ்சின் சுழற்சி, ஆக்சிலரேட்டரை மிதித்த அளவு, உள்ளே போகிற காற்றின் வெப்பம் எல்லாவற்றையும் தேதி நேரத்தோடு பதிந்துவைத்துக்கொள்ளும். லேப்டாப்பை இணைத்தால் கோடுகளாகப் பார்க்கலாம்.

முதல் மாதமே இணைத்துப் பார்த்தேன். அவர் ஓட்டிய காலத்துப் பதிவுகள் அப்படியே இருந்தன. அழித்திருக்கலாம், மனம் வரவில்லை. ஒரு குறையை மட்டும் சரி செய்தேன். எஞ்சின் நன்றாகச் சூடானால் தடுமாறியது, அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தது. பெட்டிக்குள் இருந்த எண்கள் சிலவற்றை மாற்றினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. பெரிய சாதனையாக நினைத்து ஓசூருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

குற்றால சீசன் தொடங்கியது. ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத்திலிருந்தே சாரல். ஐந்தே காலுக்கு பஸ்ஸில் வந்து இறங்கினேன். குடையை விரிக்கும்போது அதன் உறை காற்றில் பறந்து காருக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுத்தேன். எடுத்த பிறகும் குனிந்தபடியே இருந்தேன்.

காருக்கு அடியில் தரை நனைந்திருந்தது.

வண்டி காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் அங்கே ஒரு நீள்சதுரம் காய்ந்து கிடக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. சுற்றிலும் எப்படி ஈரமோ, அடியிலும் அப்படியே ஈரம். பானெட்டின் மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அதன்மேல் விழுந்த சாரல் துளிகள் மட்டும் சீக்கிரம் சீக்கிரமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

தண்ணீர் சரிவில் ஓடி வந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மனை பலகைபோல் சமம்.

அடுத்த செவ்வாய், வந்ததும் கதவைத் திறந்தேன். உள்ளே பிச்சிப்பூ வாசனை. நான் பூ வைப்பதில்லை. சாவியைத் திருகியதும் பெட்ரோல் முள், ஞாயிற்றுக்கிழமை நான் விட்ட இடத்துக்குச் சற்று மேலே போய் நின்றது. திருடன் பெட்ரோல் போட்டுவிட்டுப் போவானா? சீட் பின்னால் தள்ளியிருக்கவில்லை, கண்ணாடி திரும்பியிருக்கவில்லை. நான் உட்கார்ந்தபோது எல்லாம் எனக்குச் சரியாக இருந்தது. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. அந்தச் சீட்டில் இன்னொரு ஆள் உட்கார்ந்ததற்குத் தடயமே இல்லை.

மாடிக்குப் போய் லேப்டாப்பை எடுத்து வந்தேன். இருந்தது. அன்று மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஒரு பதிவு. நான் அப்போது மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு லேப் எடுத்துக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கும் ஒன்று, கிட்டத்தட்ட அதே நேரம். அதற்கு முந்தின செவ்வாய்க்கும்.

பெட்டிக்கு இடம் தெரியாது, வழி தெரியாது. வேகமும் மிதியும் மட்டும்தான் தெரியும். ஆனால் எனக்கு ரோடு தெரியும். காருக்குள் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்தேன். கொஞ்ச தூரம் சீரான வேகம். பிறகு நின்று நின்று நகர்தல். அது செங்கோட்டை ஊருக்குள். மறுபடி நல்ல ரோடு. அப்புறம் திடீரென்று வேகம் விழுந்து எஞ்சின் மட்டும் உறுமுகிறது. முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். காற்றின் வெப்பம் படிப்படியாகக் குறைகிறது. பண்பொழிக்கு மேலே, திருமலைக் கோயிலுக்கு வண்டி ஏறும் மலைப்பாதை. வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

மேலே போய் வண்டி நின்றிருக்கிறது. எஞ்சினை அணைக்கவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடிக்கொண்டே நின்றிருக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் விட்டுவிட்டு மூன்று சின்ன முட்கள். யாரோ ஆக்சிலரேட்டரை மெல்ல மூன்று முறை மிதித்திருக்கிறார்கள். சற்று நேரம் கழித்து மறுபடி மூன்று.

அதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பழைய பதிவுகளைத் திறந்தேன், அந்த மகன் உயிரோடு இருந்தபோது பதிந்தவற்றை. பத்துப் பன்னிரண்டைத் தாண்டியதும் கிடைத்தது. அதே ஊர் நெரிசல், அதே ஏற்றம், அதே இருபது நிமிடம். உச்சியில் அணைக்காத எஞ்சின். அதில் மூன்று முட்கள். இடைவெளி விட்டு மறுபடி மூன்று. பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். முட்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை என்றாலும், அது ஒரே காலின் மிதி என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் அந்த டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து, பக்கத்துச் சீட்டில் உட்காராமல், கதவைத் திறந்து வெளியே வந்து சாரலில் நின்றேன்.

அண்ணாச்சியிடம் கோடுகளைப் பற்றிச் சொல்லவில்லை. யாரோ சாவி போட்டு வண்டியை எடுத்துப் போய்த் திரும்ப விடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். முப்பது வருட சர்வீஸ் அவர் முகத்தில் சட்டென்று வந்து உட்கார்ந்தது.

"திரும்பக் கொண்டாந்து விடுதானா? அப்பம் அவன் ஒத்திகை பாக்கான் டீச்சரம்மா. சீசன்ல வெளியூர்க்காரன் ஆயிரம் பேரு வருதான். ஒருநாளு மொத்தமாப் போயிரும். கள்ளச்சாவின்னா பூட்ட மாத்தணும். அதுக்கு முன்ன, அந்த வண்டியில ஏதோ மூள இருக்குன்னு சொன்னியள்லா, அதக் கழத்தி வீட்டுக்குள்ள வச்சிருங்க. மூள இல்லாம எவன் ஓட்டிருவான்?"

பூட்டுக்கு உதிரி தேடினால் கிடைக்கவில்லை. அவ்வளவு பழைய மாடல். மூளையைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. இரண்டு போல்ட். ஒயர்கள் எல்லாம் சேர்ந்து வருகிற ஒரு பெரிய பிளக். அதன் கொக்கியை இழுத்தால் கையோடு வந்துவிடும். பெட்டியைக் கைப்பையில் போட்டுக் கல்லூரிக்கே கொண்டுபோனேன். வகுப்பில் மேசைமேல் பையை வைக்கும்போது 'ணங்' என்று கேட்கும். பிள்ளைகள் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் குனிந்து பார்த்தேன். அடியில் தரை காய்ந்திருந்தது. நிம்மதியோடு கதவைத் திறந்தேன். பிச்சிப்பூ வாசனை. முன் கண்ணாடியின் உட்புறம் மூச்சுக்காற்றால் மூடிப்போயிருந்தது. பெட்டியை மாட்டி சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் முனகியது. பேட்டரி பாதி இறங்கியிருந்தது. யாரோ உட்கார்ந்து, திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறார்கள். எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. பிடிக்காத வண்டிக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தால் கண்ணாடி அப்படி மூடும்?

அதற்கு அடுத்த செவ்வாய் பேட்டரி இறங்கவில்லை. பூ வாசனை மட்டும் இருந்தது. பெட்டியை மாட்டுவதற்காக டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். விரலில் ஏதோ வழுக்கியது. பயந்து கையை இழுத்துக்கொண்டேன். பிறகு போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.

நான் தொங்கவிட்டுப் போயிருந்த பிளக்கின் வாயில் ஒரு பாலிதீன் பை போட்டு, ரப்பர் பேண்டால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஈரக்காற்று உள்ளே போகாதபடிக்கு, நேர்த்தியாக. பையின் வாயை மடித்து மடித்துக் கட்டியிருந்த விதத்தில் அவசரமே இல்லை.

வண்டியைத் திருட வந்த ஒருவர், வண்டி கிளம்பாது என்று தெரிந்த பிறகும் வந்து, பின்கள் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுவிட்டுப் போயிருக்கிறார். அன்று கணவருக்கு போன் செய்தேன். "வித்துரு," என்றார். "நாளைக்கே வித்துரு."

விற்கவில்லை. அடுத்த செவ்வாய்க்குக் கல்லூரியில் லீவு சொன்னேன். பெட்டியை அதன் இடத்தில் மாட்டினேன். அண்ணாச்சியிடம் மாடியிலிருந்து பார்க்கச் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே செங்கோட்டை பஸ் ஏறினேன்.

"ஸ்டேஷன்ல சொல்லி ரெண்டு பேர வரச் சொல்லட்டா?" என்று அவர் கேட்டதற்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. பாலிதீன் பையைப் போலீஸிடம் எப்படி விளக்குவது?

செங்கோட்டையிலிருந்து ஆட்டோ. பண்பொழியைத் தாண்டி மலை ஏற ஏற மேகம் பாதைக்கு இறங்கி வந்திருந்தது. மேலே வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்டோக்காரர், "நிக்கட்டுமா மேடம்? திரும்ப வண்டி கெடைக்காது இங்கன," என்றார். வேண்டாம் என்று அனுப்பினேன். ஆட்டோ சத்தம் கீழே போய்ப் போய் மறைந்ததும் தனியாக இருப்பது உறைத்தது. கோயில் நடை சாத்தியிருந்தது. காலையில் வந்த கூட்டம் விட்டுப்போன செருப்பு ஒன்று தண்ணீரில் கிடந்தது. மூடிய தேங்காய்க் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நனைந்த குரங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் என்னைப் பார்த்தன. பத்தடிக்கு அப்பால் வெள்ளை.

போன் அடித்தது. அண்ணாச்சி. "டீச்சரம்மா, வண்டி போயிட்டு! சாவி போட்டு, சொந்த வண்டிய எடுக்குற மாதிரி எடுத்துட்டுப் போயிட்டு!"

"யாரு அண்ணாச்சி? பாத்தியளா?"

"குடை மறச்சிட்டும்மா. மொகம் தெரியல. நா எறங்கி வாரதுக்குள்ள முக்கு திரும்பிட்டு." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதட்டமே இல்ல பாத்துக்கிடுங்க."

நாற்பது நிமிடம் காத்திருந்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்குள்ளே எத்தனையோ ஓடியது. எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தது ஒன்றுக்குத்தான்: வண்டி வரும், உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.

முதலில் சத்தம். முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். மடியில் வைத்து விரலால் தொடர்ந்த கோடு, இப்போது மேகத்துக்குள்ளிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. பிறகு மஞ்சளாக இரண்டு விளக்குகள். என் வண்டி என்னைக் கடந்துபோய், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் அணையவில்லை. கதவு திறக்கவில்லை. பக்கக் கண்ணாடிகள் எல்லாம் உள்ளே வெள்ளையாக மூடியிருந்தன.

ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. உடனே எஞ்சின் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. திரையில் முட்களாகப் பார்த்ததை முதன்முதலாகக் காதால் கேட்டேன்.

வண்டிக்கு அருகே போனேன். டிரைவர் பக்கக் கண்ணாடியில் தட்டினேன். அது பாதி இறங்கியது.

முப்பது வயதுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, ஏதோ ஸ்கேன் சென்டர் அட்டை. தலையில் பிச்சிப்பூ. அவள் திடுக்கிடவில்லை. என்னை எதிர்பார்த்திருந்ததுபோலப் பார்த்தாள்.

"ஏறிக்கோங்கக்கா. நனையுதியளே."

சுற்றிப்போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். என் வண்டியில் நான் விருந்தாளி.

"யாரு நீங்க?"

"இது எங்க வீட்டுக்காரர் வண்டி."

"இது என் வண்டி," என்றேன். சொன்ன பிறகு சின்னப்பிள்ளைச் சண்டைபோல ஒலித்தது.

"ஆமா, ஒங்க வண்டிதான். மாமா வித்துட்டாக. நீங்க எடுத்துட்டுப் போகும்போது நான் உள்ள நின்னுதான் பாத்துட்டிருந்தேன்." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. "தெருவழியாப் போகையில ஒருநாளு வண்டிய அந்த மனையில பாத்தேன். சும்மா தொட்டுட்டுப் போயிருவோம்னுதான் வந்தேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. செவ்வாக்கிழம மத்தியானம் எனக்கு டூட்டி கெடையாது."

எனக்குக் கோபம் வந்தது. பயந்த பயமெல்லாம் அப்போதுதான் கோபமாக மாறியது. "ஒரு மாசமா நான் ஒழுங்காச் சாப்பிடல, தெரியுமா? என்னமோ ஏதோன்னு நெனச்சு... கம்ப்யூட்டரைக் கழட்டினதும் வராம இருந்திருக்கலாம்ல? எதுக்கு அந்தப் பாலிதீன் பை?"

"சாரல் நேரத்துல பின்னு பச்ச பிடிச்சிரும்க்கா. அப்பிடித் தொங்கப் போட்டிருந்தா அவுக ஏசுவாக."

அதற்குமேல் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் எப்படிப் போனார் என்று கேட்டேன். நெஞ்சு வலி. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆம்புலன்ஸில். "இந்த வண்டியில கூட்டிட்டுப் போயிருந்தா சீக்கிரம் போயிருக்கலாம். நான் ஓட்டுவேன்னு சொன்னேன். யாரும் கேக்கல."

அவளுக்கு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே இந்த மலைப்பாதையில்தானாம். ஏற்றத்தில் கற்றுக்கொண்டால் சமவெளியில் பயம் இருக்காது என்பாராம். மேலே வந்தால் எஞ்சினை அணைக்கக் கூடாது. ஒருமுறை அணைத்துவிட்டு, சூடு தணிகிறவரை சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார்களாம். விசிறி ஓடும்போது எஞ்சின் தடுமாறும். மூன்று மிதி மிதித்தால் நின்றுபோகாது.

"இப்ப அணைக்கலாம்," என்றேன். "நான் அதைச் சரி பண்ணிட்டேன். தடுமாறவும் செய்யாது."

அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். விசிறி நின்றது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. கூரையில் சாரல் விழுகிற சத்தம் மட்டும். "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

அவள் பயந்து பயந்து திருகினாள். தொட்டதும் பிடித்துக்கொண்டது. நான் ஒரு சிரிப்பையோ நன்றியையோ எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்பம் சரி பண்ணுனீங்க?"

"வாங்கின மாசமே."

"அப்பம் இத்தன வாரமும் மிதிக்காட்டாலும் அது நின்னிருக்காது. நான் சும்மாதான் மிதிச்சிட்டு இருந்தேன், என்ன?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பழைய எண்கள் எல்லாம் என் லேப்டாப்பில் இருக்கின்றன, முன்பு இருந்தபடியே திருப்பிப் போட்டுவிடலாம் என்றேன். படித்தவள் சொல்கிற பேச்சா அது! அவள்தான் தெளிவாக இருந்தாள்.

"நல்லா ஓடுதத வேணும்னு கெடுக்கவா? வேண்டாம்க்கா."

"செவ்வாய்க்கிழமை வேணும்னா எங்கிட்டச் சொல்லிட்டு எடுத்துக்கோங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"சொல்லிட்டு எடுத்தா அது ஒங்க வண்டில்லா."

அவள் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள், நானும் இறங்கினேன். என் கையில் சாவியை வைத்தாள். அவள் கைச்சூடு அதில் இருந்தது. கீழே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். படி வழியாக இறங்கிப் பழக்கம் என்றாள். குடையை விரித்துக்கொண்டு படிகளை நோக்கிப் போனாள். பத்தடியில் மேகம் அவளை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் கேட்டது.

டிரைவர் சீட்டுக்கு மாறினேன். சீட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். அவ்வளவு நாள் என்னைப் பயமுறுத்திய ஒரு விஷயத்துக்கு விடை இவ்வளவு சாதாரணமாக இருந்தது. ஆனாலும் மலை இறங்கும்வரை பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "யாரு?"

"தெரிஞ்சவங்கதான் அண்ணாச்சி."

என் முகத்தை அளந்தார். "சாவிய வாங்கிட்டியளா?"

"வாங்கிட்டேன்."

"அப்பம் சரி. இருந்தாலும் மூளைய உள்ளயே வச்சிக்கிடுங்க."

வைத்துக்கொண்டேன். இரண்டு சாவியும் என்னிடம் இருந்தும், தினமும் காலையில் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போவது நிற்கவில்லை. யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கதவைத் திறந்தால் பழைய ரெக்சின் வாசனைதான் வந்தது. நவம்பரில் மேலகரத்தில் கார் ஷெட்டோடு ஒரு வீடு கிடைத்து மாறிப்போனேன். ஷெட்டுக்கு இரும்புக் கதவு, பூட்டு. அங்கே போன பிறகுதான் பெட்டியை வண்டியிலேயே விட்டேன்.

வீடு மாறி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலையில் விலாவில் தாங்க முடியாத வலி. சிறுநீரகக் கல்லாக இருக்கும், ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார் டாக்டர். சீட்டில் எழுதியிருந்த இடத்துக்கு ஆட்டோவில் போனேன். கவுன்ட்டரில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

என்னை அடையாளம் தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பெயர் கேட்டாள். வயது கேட்டாள். எந்த டாக்டர் எழுதியது, எப்போதிலிருந்து வலி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள். பின்னால் நிற்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல். எனக்கும் அதுவே நல்லது என்று பட்டது. அவள் தட்டச்சு செய்து, ஒரு தாளை அச்செடுத்து, கையெழுத்துப் போடச் சொல்லி நகர்த்தினாள்.

வலியோடு குனிந்து பேனாவை எடுத்தேன். பெயர், வயது, அதற்குக் கீழே முகவரி. மேலகரம், தெருப் பெயர், கதவு எண். கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'பச்சை கேட், ஷெட் உள்ள வீடு' என்றுகூட இருந்தது. கல்லூரியில்கூட நான் இன்னும் புது முகவரியைக் கொடுத்திருக்கவில்லை. டாக்டர் சீட்டில் முகவரியே இல்லை. அவள் என்னிடம் அதை மட்டும் கேட்கவும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. போட்டுக் கொடுத்தேன்.

"இன்னும் ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு அந்தச் சேர்ல உக்காருங்கக்கா," என்றாள். "நான் கூப்பிடுதேன்."